எழுத்தாளர், ஆய்வாளருடன் வானொலிச் செவ்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இப்போது ஒரு செவ்வியைப் பதிவு செய்யக் கலையகம் கட்டாயமில்லை. ஊர் வாசிகசாலைகள், பாடசாலை ஊடகக் கழகங்கள், பல்கலைக்கழக மாணவர்கள், சின்னச் சின்ன இணைய வானொலிகள் எனப் பலரும் வரலாறும் சமூகமும் பற்றி எழுதியவர்களை அழைத்துப் பேச வைக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. கணக்குகள் எல்லாம் அரை மணி நேர நிகழ்ச்சிக்கானவை. ஒன்றை மட்டும் முன்னதாகவே சொல்லிவிடலாம்: நேயர் கையில் அந்தப் புத்தகம் இல்லை. கீழே வரும் ஆலோசனைகளில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

புத்தகத்தை முழுக்க வாசிக்கத்தான் வேண்டுமா?

ஆம். பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவரை எழுதியவர் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெளியீட்டு விழாவில் ஏற்கெனவே சொன்ன பதில்கள்தான்.

வாசிக்கும்போது பென்சிலால் மூன்று வகை இடங்களைக் குறியுங்கள். ஒன்று, "இது இவருக்கு எப்படித் தெரியும்?" என்று நேயர் நினைக்கக்கூடிய இடம். இரண்டு, ஊரில் எல்லாரும் நம்புவதற்கு மாறாக நூல் சொல்லும் இடம். மூன்று, சத்தமாக வாசித்தால் கண்முன் விரியும் பந்தி. அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். நல்ல கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

நேரமே இல்லையென்றால் முன்னுரையையும் நடுவில் ஓர் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் வாசித்துவிட்டு, செவ்வியை அந்த நடு அத்தியாயத்துக்குள் நிறுத்துங்கள். நூல் முழுவதையும் தொட நினைத்தால் எதுவும் நிலைக்காது.

கேள்விகளை முன்கூட்டியே அனுப்பலாமா?

தலைப்புகளை அனுப்பலாம், கேள்விகளை அனுப்பக்கூடாது. கேள்வி கைக்குப் போனால் பதில் எழுதப்பட்டு வரும்; எழுதிய பதிலை வாசிக்கும் குரலை நேயர் அரை நிமிடத்தில் இனங்கண்டு வேறு நிலையத்துக்கு மாறிவிடுவார். நாலு தலைப்பும், "அந்தக் கடிதத்தின் பிரதி இருந்தால் கொண்டு வாருங்கள்" போன்ற குறிப்பும் போதும். ஆண்டுகள், தொகைகள் கேட்கப் போகிறீர்கள் என்றால் அதை மட்டும் சொல்லிவைப்பது நியாயம். எண்பது வயதுக்காரரிடம் ஞாபகப் பரீட்சை வைப்பது யாருக்கும் பயனில்லை.

எத்தனை கேள்விகள் தேவை? முதல் கேள்வி எது?

அரை மணி நிகழ்ச்சியில் கையில் இருப்பது ஏறத்தாழ 28 நிமிடம். அறிமுகத்துக்கு ஒன்றரை நிமிடம், நூலிலிருந்து வாசிக்க இரண்டு நிமிடம், முடிவுரைக்கு அரை நிமிடம் போனால் 24 நிமிடம் மிஞ்சும். ஒரு பதிலுக்கு இரண்டரை நிமிடம் என்றால் ஒன்பது கேள்விகள்தான் உள்ளே போகும். பன்னிரண்டு எழுதி வைத்து, 50 நிமிடம்வரை பதிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரம் பதிவு செய்துவிட்டு "பிறகு வெட்டலாம்" என்பவர்கள் பெரும்பாலும் வெட்டுவதேயில்லை.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்காதீர்கள். பிறந்த ஊர், படித்த கல்லூரி, பெற்ற விருது என்று பத்து நிமிடம் போய்விடும். அதை அறிவிப்பாளர் நாலு வசனத்தில் சொல்லலாம். முதல் கேள்விக்குள் ஒரு சம்பவம் இருக்கட்டும். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பற்றி எழுதியவரிடம் "இளைஞர் காங்கிரஸ் பற்றிக் கூறுங்கள்" என்றால் விரிவுரைதான் வரும். "1931இல் அரசாங்க சபைத் தேர்தலுக்கு வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவருமே வேட்புமனுக் கொடுக்கவில்லை. ஒருவரைக்கூட விடாமல் எப்படி மறித்தார்கள்?" என்று கேளுங்கள். டொனமூர் அரசியல் யாப்பு, பகிஷ்கரிப்பு, அதனால் வந்த கசப்பு எல்லாம் அந்த ஒரு வாசலால் உள்ளே வரும்.

ஆண்டுகளும் பெயர்களும் நேயருக்கு ஏன் குழம்புகின்றன?

வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், நேயருக்கு அது முடியாது. ஒரு நிமிடத்துக்குள் மூன்று ஆண்டுகள் வந்தால் மூன்றும் நிற்காது. "1619இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர்" என்று விருந்தினர் அடுக்கினால், நீங்கள் இடையில் புகுந்து, "அப்படியென்றால் போர்த்துக்கேயர் இங்கே நாற்பது வருஷம்கூட இல்லை, ஒல்லாந்தர் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்திருக்கிறார்கள்" என்று கால அளவாக மாற்றிக் கொடுங்கள். அளவு மனதில் நிற்கும்.

ஒரே பெயரில் இருவர் வருவது அடுத்த பொறி. சங்கிலியன் என்றால் எந்தச் சங்கிலியன்? 1544இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொன்ற முதலாம் சங்கிலியா, 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்ட கடைசி அரசனா? புலமையாளருக்கு இது கேட்கவே தேவையில்லாத கேள்வி. அதனால்தான் அதை நீங்கள் கேட்க வேண்டும்.

பழைய உறுதிகள், ஏடுகள் பற்றிப் பேசும்போது தமிழ் வருடப் பெயர் வரும். அறுபது வருடத்துக்கொருமுறை அது திரும்ப வரும் என்பதை மறந்தால் ஆராய்ச்சியே இடறும்: ஆனந்த வருடம் 1914இலும் தொடங்கியது, 1974இலும் தொடங்கியது. சக ஆண்டு சொன்னால் 78 கூட்டி ஏறத்தாழக் கிறிஸ்து ஆண்டைச் சொல்லிவிடுங்கள். காணி அளவு வந்தால், புலம்பெயர்ந்து பிறந்த பிள்ளைகளும் கேட்கிறார்கள் என்பதால், 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று ஒரு தடவை சொல்லிவிடுவது நல்லது.

வயதானவர்களுக்கு ஆண்டு ஞாபகம் வருவதில்லை. என்ன செய்வது?

ஆண்டைக் கேட்காதீர்கள். ஊர் முழுக்க நினைவில் வைத்திருக்கும் ஒரு நிகழ்வுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1964 டிசம்பர்ப் புயல், 1974 ஜனவரித் தமிழாராய்ச்சி மாநாடு, 1981 நூலக எரிப்பு, 1987 ஒக்டோபர் இந்திய இராணுவச் சண்டை, 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு ஆகியவை குடாநாட்டுக்கு நல்ல அடையாளக் கற்கள். "லைப்ரரி எரிஞ்சதுக்கு முதலோ, பிறகோ அம்மா?" என்றால் பெரும்பாலும் உடனே பதில் வரும். பிறகு வீட்டு நிகழ்வுகளால் நெருக்குங்கள்: மூத்த மகள் அப்போது பள்ளிக்கூடம் போனாளா, கிணறு வெட்டியாயிற்றா. இடம், ஆட்கள், பிறகுதான் காலம் என்ற வரிசையில் கேட்டால் ஞாபகம் தானாகத் திறக்கும். அப்படிக் கிடைத்த ஆண்டை "ஏறத்தாழ" என்றே ஒலிபரப்புங்கள்.

விருந்தினர் தவறாக ஒன்றைச் சொன்னால்?

எந்த மாதிரித் தவறு என்பதைப் பொறுத்தது. வாய்தவறி ஆண்டு மாறினால் அந்த இடத்திலேயே, "சேர், 1981 தானே?" என்று கேட்டு, முழு வசனத்தையும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் பிறகு ஒட்டினால் குரலின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டீர்கள் என்றால் அறிவிப்பாளர் குரலில் திருத்தம் வரட்டும். யாருக்கும் தெரியாமல் வெட்டி எறிவது சரியல்ல, ஏனென்றால் அந்தப் பதிவை நாளைக்கு ஒருவர் மேற்கோள் காட்டுவார்.

கருத்து வேறுபாடு என்றால் அது தவறல்ல, நல்ல சரக்கு. "இதை மறுப்பவர்கள் எந்த ஆதாரத்தைக் காட்டுகிறார்கள்?" என்று கேளுங்கள். மறுப்பவரின் வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்தான் உங்கள் அடுத்த செவ்விக்கும் ஆள். "தேசவழமை ஆதிகாலம் தொட்டு மாறாமல் வந்த சட்டம்" என்று ஒருவர் சொன்னால், ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதை 1706, 1707இல் எழுத்தில் தொகுத்ததை நினைவூட்டி, எழுதும்போது எது விடுபட்டது, எது இறுகியது என்று கேளுங்கள். நூலகத்தில் எரிந்தவை 97,000 நூல்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த எண் எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்று நூலகவியலாளரிடம் கேட்பது அவமரியாதை ஆகாது.

உயிரோடிருக்கும் ஒருவர்மீது குற்றச்சாட்டு வந்தால் மட்டும் பதிவை நிறுத்துங்கள். ஆதாரமும் மறுதரப்பின் பதிலும் இல்லாமல் அது ஒலிபரப்பாகக்கூடாது.

போர், இடப்பெயர்வு, காணாமற்போனோர் பற்றிக் கேட்கும்போது?

இங்கே ஆய்வாளரும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றி எழுதும் ஒருவர் அப்போது பத்து வயதுப் பிள்ளையாக அந்த வரிசையில் நின்றிருக்கலாம். ஆகவே, "ஆவணத்தில் உள்ளது எது, நீங்களே கண்டது எது?" என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டுக்கும் மதிப்பு உண்டு, கலந்தால்தான் சிக்கல்.

என்ன தலைப்பு வரும் என்று முன்பே சொல்லுங்கள். கையைத் தூக்கினால் பதிவு நிற்கும் என்று பேசிவையுங்கள். "அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?" வேண்டாம். 1995 இடப்பெயர்வு என்றால், "நாவற்குழிப் பாலத்தடிக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள், கையில் என்ன இருந்தது?" என்பது போதும், மிச்சத்தை அவரே சொல்லுவார், சொல்ல விரும்பினால். அவர் நிறுத்தினால் ஐந்தாறு விநாடி நீங்களும் பேசாதிருங்கள். அந்த மௌனத்தைத் தொகுப்பிலும் விட்டுவிடுங்கள், புல்லாங்குழல் போட்டு நிரப்ப வேண்டாம். கதையில் வரும் மற்றவர்களின் பெயர்களுக்கு அவருடைய சம்மதம் போதாது. பெயரில்லாமல் சொல்ல முடியுமா என்று கேளுங்கள்.

விருந்தினரை எப்படி அழைப்பது?

மைக்குக்கு வெளியே உங்கள் பழக்கப்படி ஐயா, சேர், மிஸ், அக்கா. ஒலிபரப்பில் முதல் தடவை பதவியும் பெயரும், பிறகு "நீங்கள்". ஒலிபரப்பில் "அண்ணை" என்றால் உங்களிருவருக்கும் இடையிலான கதை ஆகிவிடுகிறது, நேயர் வேலிக்கு வெளியே நிற்கிறார். ஆனால் விருந்தினரின் யாழ்ப்பாணப் பேச்சைத் திருத்த வேண்டாம்.

இன்னொன்று: அவர் பேசும்போது "ஓம்... ஓம்... ஓமோம்" போடும் பழக்கத்தை விட்டுத் தலையை மட்டும் ஆட்டுங்கள். அந்த ஓம் ஒவ்வொன்றும் அவருடைய வசனத்துக்கு மேலே விழுந்து, தொகுக்கும்போது வெட்டவே விடாது.

வீட்டில் பதிவு செய்ய எந்த அறை, எந்த நேரம் நல்லது?

சீமெந்து நிலமும் வெறுஞ் சுவரும் உள்ள முன் விறாந்தைதான் மரியாதையாக உங்களை உட்கார வைக்கும் இடம். பதிவுக்கு அதுவே மோசமான இடமும்கூட. புத்தக அலுமாரி அல்லது மெத்தைக் கட்டில் உள்ள அறையைக் கேளுங்கள். ஒருமுறை கையைத் தட்டுங்கள். டங்கென்று திரும்பி வந்தால் திரைச்சீலையை இழுத்து, சுவரோரம் போர்வை தொங்கவிடுங்கள். மேசையில் மடித்த துவாய் விரித்தால் விரல் தட்டும் சத்தம் குறையும்.

ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். வெக்கையில் ஒரேயடியாக இருக்க முடியாது என்பதால் 15 நிமிடத்துக்கு ஒருதடவை இடைவேளை விட்டுக் காற்று வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். திரும்பப் போட மறக்காதிருக்க உங்கள் மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுவது நல்ல தந்திரம். பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் ஓடுமா என்று கேட்டு வையுங்கள். கிழமை நாளில் காலை 10 மணி முதல் 12 மணி வரை, பாண் ஓட்டோவின் பாட்டும் பாடசாலை வான்களும் ஓய்ந்திருக்கும். கோயில் கொடியேறிய ஊரில் திருவிழா முடியும்வரை போகாதீர்கள். நல்லூர் அயலில் அது 25 நாள். சோளகம் வீசும் மாதங்களில் பனங்கூடல் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள், ஓலைச் சரசரப்பை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது.

என்ன கருவி வேண்டும்? போன் போதாதா?

அமைதியான அறையில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் போனும் உதவும். ஆனால் இருவருக்கும் நடுவில் ஒரு போனை வைத்தால் இருவருமே தூரம். இரண்டு மைக், இரண்டு தனித்தடம் என்பதுதான் குறைந்தபட்ச ஒழுங்கு. சட்டையில் குத்தும் மைக் என்றால் சால்வையும் சேலைத் தலைப்பும் உரசாத இடம் பாருங்கள்.

48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. இரு தடத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 1 ஜிகாபைட் பிடிக்கும். உரத்துப் பேசும்போது மீற்றர் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நின்றால் சரி. பூச்சியத்தைத் தொட்டால் அந்தச் சொல் கிழிந்துவிடும், பிறகு மீட்க முடியாது. ஒருவராவது ஹெட்போன் போட்டிருக்க வேண்டும். லப்டொப் சார்ஜரால் வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வேறு வழியில் தெரியாது. அருகிலுள்ள போன்கள் எல்லாம் விமானப் பயன்முறையில் இருக்கட்டும்.

பல கருவிகளில், பதிவை நிறுத்தும்போதுதான் கோப்பு முழுமையாக எழுதி முடிகிறது. இடையில் பட்டரி இறந்தால் முழு மணி நேரமும் திறக்க முடியாத கோப்பாகிவிடலாம். ஆகவே ஒவ்வோர் இடைவேளையிலும் நிறுத்திப் புதிய கோப்பாகத் தொடங்குங்கள். எழும்புவதற்கு முன், எல்லாரும் பேசாமல் இருந்து அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை மூட அது வேண்டும்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவரை எப்படிப் பதிவு செய்வது?

அழைப்பில் கதையுங்கள், ஆனால் அழைப்பின் ஒலியை நம்பாதீர்கள். அவர் தன் குரலைத் தன் போனிலேயே பதிவு செய்து, பிறகு ஆவணமாக அனுப்பட்டும். வட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் தரம் சுருங்கும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒருதடவை கைதட்டச் சொன்னால் இரண்டு கோப்பையும் பொருத்துவது சுலபம். ரொறன்ரோ நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி பின்னால். லண்டன் நாலரை, ஐந்தரை.

எவ்வளவு வெட்டலாம்?

இருமல், திரும்பத் திரும்பச் சொன்னது, கிளைக்கதை ஆகியவற்றைத் தாராளமாக வெட்டலாம். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டக்கூடாது. "எனக்குத் தெரிந்த அளவில்", "உறுதியாகச் சொல்ல முடியாது" என்பவற்றை நேரம் மிச்சம் பிடிக்க எடுத்துவிடுகிறார்கள். அதோடு ஊகம் உண்மையாகிவிடுகிறது. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டுங்கள். இரைச்சல் நீக்கியைக் கொஞ்சமாகப் பாவியுங்கள், கூடினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வரும். இணையத்துக்கு ஒருதட 64 கிலோபிட் எம்.பி.3 போதும், ஒரு மணி நேரம் 29 மெகாபைட்டுக்குள் அடங்கும், நேயரின் டேற்றாவும் மிஞ்சும்.

நூலிலிருந்து வாசிக்க அனுமதி வேண்டுமா? பாட்டுப் போடலாமா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை எழுதியவர் காலமாகி 70 வருடம்வரை நீடிக்கிறது. விமர்சனத்துக்காகச் சிறு பகுதி எடுத்தாள இடமுண்டு. ஆனாலும் எழுதியவரிடமும், உரிமை பதிப்பாளரிடம் இருந்தால் அவரிடமும் கேட்டுவிடுங்கள். எழுதியவரே வாசிப்பது எப்போதும் சிறப்பு. பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம், அனுமதிச் சிக்கல் ஒருபுறம், பேச்சைக் கெடுப்பது மறுபுறம்.

வீட்டில் பழைய வானொலிச் செவ்விகள் கசெற்றில் இருக்கின்றன. எப்படிக் காப்பாற்றுவது?

உடனே போட்டுக் கேட்டுப் பார்க்காதீர்கள். முதலில் கண்ணாடிப் பகுதியால் பாருங்கள்: நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் பூஞ்சணம். அதை ஓடவிட்டால் கருவிக்கும், அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள், பிறகு தவறியும் அழித்துப் பதிய முடியாது. நாடாவைத் தொடும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கிப்போகும். திருகாணி போட்ட கூட்டுக்கு நாடாவை மாற்றுவதே அதற்கு வழி.

ஒருதடவை கடைசிவரை முன்னே ஓட்டிப் பின்னே சுற்றி நாடாவைத் தளர்த்துங்கள். கருவியின் தலையை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஒலி மூடினாற்போல இருந்தால் தலையோரத்துச் சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, 'ச' ஒலி தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கணினிக்கு எடுக்கும் கம்பி லைன் துவாரத்துக்குப் போகட்டும், மைக் துவாரத்துக்கு அல்ல. சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், ஓடும் நேரம் முழுக்க இருந்தே ஆகவேண்டும். சி-120 நாடா மெல்லியது, வேகமாகச் சுற்றினால் அறும்.

1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்துப் பதிவுகளுக்குத் தனிக் குணம் உண்டு. பட்டரி இறங்க இறங்கக் கருவி மெதுவாகப் பதிந்திருக்கும். அதனால் இன்று கேட்கும்போது குரல் போகப் போகக் கீச்சிட்டு வேகமாகும். வேகத்தைத் திருத்துங்கள், ஆனால் பிரதியில் மட்டும். மூலக் கோப்பை எடுத்தபடியே, எந்தச் சுத்தமும் செய்யாமல் வையுங்கள்.

பதிவுகளை எங்கே, எப்படி வைப்பது?

ஒலிபரப்பானது 28 நிமிடம். ஆய்வாளருக்கு வேண்டியது வெட்டப்படாத 50 நிமிடம். இரண்டையும் வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள், விருந்தினர் பெயர் இருக்கட்டும். "கடைசி புதுசு 2" உதவாது. கூடவே ஒரு பக்கக் குறிப்பு: இடம், பேசியவர்கள், எந்த நிமிடத்தில் எந்த விடயம், வந்த ஊர்ப் பெயர்களின் சரியான எழுத்து. முழு எழுத்துப் பெயர்ப்புக்கு ஒரு மணி நேரப் பதிவுக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், முடியாவிட்டால் இந்தக் குறிப்பாவது வேண்டும்.

சம்மதப் படிவத்தில் ஒலிபரப்பு, இணையம், ஆவணக் காப்பகம் மூன்றுக்கும் தனித்தனிக் கையொப்பம் வாங்குங்கள், அதுவும் பேசி முடித்த பிறகு. என்ன சொன்னோம் என்று தெரிந்த பின்தான் அந்தச் சம்மதத்துக்குப் பொருள் உண்டு. 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தில் ஒலிப் பதிவுகளும் சேர்க்கப்படுகின்றன. கொடுப்பதற்கு முன் இந்தப் படிவம் கையில் இருந்தால் வேலை இலகு.

விருந்தினருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

கொடுக்கக்கூடியவர்கள் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் போக்குவரத்துச் செலவையும் ஒலிபரப்பு நேரத்தையும் முன்பே சொல்லி, முடிந்ததும் பதிவின் பிரதியை அனுப்பிவிடுங்கள். புத்தகத்தை இலவசமாகக் கேட்காமல் காசு கொடுத்து வாங்குங்கள். இங்கே பலர் தங்கள் நூலைத் தங்கள் செலவிலேயே அச்சிடுகிறார்கள்.